மாஸ்டரின் வலது கால்

என் கணவரை ஊரே மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கற்றுக்கொள்ள வருகிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வியர்ப்பார், இவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வியர்ப்பார். இவர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தடுமாறினால் இவர் மிதித்து வண்டியை நிறுத்திவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து அவர் செய்துவந்தது இந்த ஒரு வேலைதான். மற்றவர்கள் ஓட்டுவார்கள், இவர் நிறுத்துவார்.

அந்த வலது கால் வீட்டுக்கு வந்த பிறகும் சும்மா இருக்காது. டிவியில் எவனாவது காரை விரட்டினால் சோபாவில் உட்கார்ந்தபடியே தரையை மிதிப்பார். சோபாவுக்கு முன்னால் கிடக்கும் விரிப்பில் அந்த ஓர் இடம் மட்டும் நூல் நூலாகப் பிரிந்திருக்கும். பஸ்ஸில் போனால் மிதிப்பார். லிஃப்டில்கூட மிதித்திருக்கிறார், நான் பார்த்திருக்கிறேன். செருப்பு வாங்கினால் வலது செருப்பு முன்பக்கம் தேய்ந்து ஓட்டையாகும்போது இடது செருப்பு கடையில் இருந்த மாதிரியே இருக்கும். அந்த இடது செருப்பைத் தூக்கிப் போட எனக்கு ஒவ்வொரு தடவையும் வயிறு எரியும்.

நான் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். காலையில் வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் உட்காருவார்கள். நாற்காலியில் கையை நீட்டியதும் பயத்தில் பாதிப் பேர் இறுக்கிக்கொள்வார்கள். இறுக்கினால் நரம்பு கிடைக்காது. அவர்களிடம் நான் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "தளர விடுங்க, நான் பாத்துக்கறேன்." போலீஸ்காரர், கசாப்புக் கடைக்காரர், ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழும் கராத்தே ஆசிரியர், எல்லோருமே கடைசியில் எனக்காகக் கையைத் தளர விட்டிருக்கிறார்கள். என் வீட்டில் இருந்த ஒரு காலைத்தான் என்னால் தளர வைக்க முடியவில்லை.

எனக்கும் லைசென்ஸ் உண்டு. மாஸ்டரேதான் கற்றுக்கொடுத்தார். ஆனால் லைசென்ஸ் கைக்கு வந்த பிறகும் அவர் தன் பக்கத்து பிரேக்கை விடவில்லை. தெருமுனை வந்தால் நான் மிதிப்பதற்கு முன்னால் அவர் மிதித்திருப்பார். ஓரமாக நாய் படுத்திருந்தால் மிதிப்பார். நாய் எழுந்தால் இன்னொரு மிதி. ஒரு நாள் பின் இருக்கையில் இருந்த எங்கள் மகள், அப்போது சின்னப் பெண், "இந்த வண்டிய யாரும்மா ஓட்டறது?" என்று கேட்டாள். மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. அதற்குப் பிறகு நான் வேலைக்குப் பஸ்ஸிலேயே போய் வந்தேன்.

நான் ஓய்வு பெற்றபோது மகள் எங்களுக்குக் கப்பலில் அறை எடுத்தாள். ஒரு வாரம் கடலில் சுற்றிவிட்டு வரும் கப்பல். நின்று நின்று வீங்கிய என் கால்களுக்கு அவள் தரும் பரிசாம் அது. அவளும் மாப்பிள்ளையும் அவர்கள் ஊரிலிருந்து நேராகத் துறைமுகத்துக்கு வந்துவிடுவார்கள். நாங்கள் எங்கள் ஊரிலிருந்து போய்ச் சேர வேண்டும். விமானத்தில் போனால் ஒரு குட்டித் தூக்கத்துக்குள் போய்விடலாம். காரில் போனால் ஒன்றரை நாள். இதில் யோசிப்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் எனக்குப் புத்தி வரவில்லை.

அன்று தொடங்கிய பட்டிமன்றம் வாரக்கணக்கில் நடந்தது. முதல் நாளே விமானத்தில் வந்து, ஓட்டலில் தங்கி, மறுநாள் நிதானமாகக் கப்பல் ஏறலாம் என்றார் மாப்பிள்ளை. பனிமூட்டம் என்று விமானத்தை நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்று மாஸ்டர் கேட்டார். அதற்காகத்தானே ஒரு நாள் முன்னால் வரச் சொல்கிறோம் என்றார் மாப்பிள்ளை. பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் ஒரு வாரம் கடலில் ஒரே சட்டையோடு திரிவதா என்றார் மாஸ்டர். காரில் வந்தால் டயர் வெடிக்காதா என்று மகள் குறுக்கே புகுந்தாள். டயர் வெடித்தால் தனக்கு மாற்றத் தெரியும், றெக்கை கழன்றால் உன் புருஷன் மாற்றுவாரா என்று இவர் கேட்டார். மாப்பிள்ளை பாவம், பல் தெரியாமல் சிரித்து வைத்தார்.

காரில் போனால் இஷ்டத்துக்குத் தலையணை எடுத்துப் போகலாம், வெந்நீர் ஃபிளாஸ்க் எடுத்துப் போகலாம், வேண்டிய இடத்தில் நிறுத்தலாம் என்று மாஸ்டர் அடுக்கிக்கொண்டே போனார். இதில் தலையணையும் ஃபிளாஸ்கும் சும்மா பேச்சுக்கு. நிறுத்தலாம் என்பதுதான் விஷயம் என்று எனக்குத் தெரியும்.

மகள் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உனக்கு எது வேண்டும் என்று கேட்டாள். விமானம் என்றேன். ஏன் என்று கேட்டதற்கு, அவ்வளவு நேரம் காரில் காலை மடக்கி உட்கார முடியாது என்றேன். அது பொய் இல்லை, ஆனால் அது மட்டும் காரணமும் இல்லை. விமானத்தில் மாஸ்டர் பக்கம் பிரேக் கிடையாது. அவர் மிதித்தாலும் அது நிற்காது. ஒரே ஒரு தடவை, காலடியில் எதுவும் இல்லாமல், எதையும் நிறுத்த முடியாமல், அவர் என் பக்கத்தில் வெறுமனே உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. கப்பல்கூட எனக்கு அதற்கு அடுத்தபடிதான். இதை மகளிடம் எப்படிச் சொல்வது?

அவரிடமே சொல்லிப் பார்த்தேன். சாயங்காலம், அவர் காரைத் துடைத்துவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது, எனக்காக ஒரு தடவை விமானத்தில் வாருங்கள் என்றேன்.

"பிளேன்ல நம்ம கையில என்னம்மா இருக்கு?" என்றார்.

"ஒண்ணும் இல்ல. அதனாலதாங்க கேக்கறேன்."

அவருக்கு அது புரியவில்லை. ஈரக் கையோடு என்னைப் பார்த்தார். அதை விளக்கிச் சொல்லப் போனால் மறுபடி பனிமூட்டம், பெட்டி, றெக்கை என்று அரைத்த மாவையே அரைக்க வேண்டும். எனக்குச் சலித்துவிட்டது. சரி, காரிலேயே போகலாம் என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனேன். இந்தச் சரியைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வயசாகிவிட்டது.

போனது ஸ்கூல் கார்தான். கூரையிலிருந்த போர்டைக் கழற்றியதும் அந்த இடத்தில் பெயிண்ட் மட்டும் வெளுக்காமல் நீளமாகப் பட்டை போட்ட மாதிரி தெரிந்தது. இன்னொரு ஜோடி பெடல் இருக்கட்டும், கழற்றி மாட்டுவது பெரிய வேலை என்றார். முதல் நாள் முழுக்க அவரே ஓட்டினார்.

அப்போதுதான் எங்கள் இருவருக்கும் ஒரு விஷயம் உறைத்தது. மாஸ்டருக்கு வண்டி ஓட்டிப் பழக்கமே இல்லை. ஓட்டத் தெரியாது என்று சொல்லவில்லை. பக்கத்து இருக்கையிலிருந்து எட்டி ஸ்டியரிங்கைத் திருப்பத்தான் அவர் கைக்குத் தெரியும். நாள் பூராவும் அதை நேராகப் பிடித்துக்கொண்டிருக்க அது பழகவில்லை. மத்தியானத்துக்குள் தோளைச் சுழற்ற ஆரம்பித்தார். சாயங்காலம் லாட்ஜ் வாசலில் இறங்கியபோது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலையில் எழுந்தபோது அவரால் தோளைத் தூக்கிச் சட்டை போட முடியவில்லை. நான்தான் கையை நுழைத்துவிட்டேன்.

"நீ ஓட்டறியா?" என்று கேட்டார், கண்ணாடியைப் பார்த்தபடி.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு முதலில் வந்தது அலுப்புதான். இன்னும் பாதி வழி இருந்தது. நான்கு மணிக்குக் கப்பலுக்குப் போகும் கேட்டை மூடிவிடுவார்கள். இந்த மனிதர் என் பக்கத்தில், தன் சொந்த பிரேக்கோடு உட்காரப் போகிறார். எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

நினைத்த மாதிரியேதான் இருந்தது. லாட்ஜ் கேட்டிலேயே மிதித்தார். நெடுஞ்சாலைக்கு வந்த பிறகு, முன்னால் போகிற லாரி ஒரு மைல் தள்ளிப் போனாலும் மிதித்தார். நான் வேகம் பிடிக்க, அவர் குறைக்க, பின்னால் வந்தவர்கள் எல்லோரும் திட்டிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒரு சைக்கிள்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். மகள் இரண்டு தடவை ஃபோன் செய்து எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். அவர்கள் விமானத்தில் முந்தின நாளே வந்து, குளித்து, சாப்பிட்டு, கப்பலிலும் ஏறிவிட்டார்களாம். வந்துகொண்டே இருக்கிறோம் என்று மாஸ்டர் சொன்னார். வந்துகொண்டேதான் இருந்தோம்.

மத்தியானம் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி அவருக்கு வலி மாத்திரை கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் தலை சாய்ந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. சாலை காலியாக இருந்தது. முதல் தடவையாக வண்டி என் பேச்சைக் கேட்டது. வேகம் கூடியது. இப்படியே போனால் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் வண்டி நின்றது. நான் நிறுத்தவில்லை. தூக்கத்தில் என்ன கனவு கண்டாரோ, மாஸ்டரின் கால் முழு பலத்தோடு பிரேக்கை அழுத்தியது. தூங்குகிற கால் கிளட்ச்சைத் தேடுமா? வண்டி ஒரு குலுக்கு குலுக்கி, இன்ஜின் அணைந்து, நடுச் சாலையில் நின்றது. பின்னால் வந்த லாரி ஹாரனை அலறவிட்டபடி எங்கள் கதவை உரசாத குறையாக வளைந்து போனது. அதன் காற்றில் எங்கள் கார் ஆடியது.

எப்படி மறுபடி கிளப்பி ஓரம் கட்டினேன் என்று எனக்கு நினைவில்லை. இறங்கி, சாலையோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் இந்தப் பக்கம் வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். அந்தக் கேள்வியில் எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது! என்ன ஆச்சு என்று சொன்னேன். முப்பது வருஷமாக என்ன ஆச்சு என்பதையும் சேர்த்துச் சொன்னேன். சூப்பர்வைசர் வேலை வந்தபோது, உனக்கு எதுக்கு அந்தத் தலைவலி என்றது. வேறு ஊரில் நல்ல இடம் கிடைத்தபோது, இப்போது வேண்டாம், பார்க்கலாம் என்றது. நான் வேகம் பிடித்த ஒவ்வொரு தடவையும் அவர் பக்கத்திலிருந்து ஒரு மிதி. கத்தவில்லை. கத்த உடம்பில் தெம்பு இல்லை. அடுத்து வருகிற பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போகிறேன், நீங்கள் உங்கள் பெடலைக் கட்டிக்கொண்டு கப்பலுக்குப் போங்கள் என்று சொல்லி முடித்தேன்.

மாஸ்டர் என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு மூன்று லாரி போனது.

"உன் மேல நம்பிக்கை இல்லாம இல்ல," என்றார். "நீ நல்லாதான் ஓட்டறே. மத்தவங்க பக்கத்துல உக்காந்தா எனக்கு இவ்ளோ பயம் வராது. உன் பக்கத்துல உக்காந்தா, கால எடுத்தா உனக்கு ஏதாவது ஆயிடும்னு தோணுது. அப்பவும் சரி, இப்பவும் சரி. அதான் எனக்குத் தெரிஞ்சது."

இத்தனை வருஷமும் அவர் என்னை மட்டம் தட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பயம் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், அப்படியேதான் இருந்தது. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"இப்ப நீங்க மிதிச்சதுலதாங்க எனக்கு ஏதாவது ஆகியிருக்கும்," என்றேன்.

அவர் டிக்கியைத் திறந்து ஸ்பேனர் எடுத்தார். வலிக்கிற தோளோடு காருக்குள் தலையை விட்டு, தரையில் முட்டி போட்டு, தன் பக்கத்து பிரேக்கைக் கழற்ற ஆரம்பித்தார். ஒரு நட்டு துருப்பிடித்து நகர மறுத்தது. நான் குனிந்து டார்ச் பிடித்தேன். கடைசியில் பெடல் கையோடு வந்தது. மேல்பக்கம் ரப்பர் தேய்ந்து பளபளவென்று இருந்தது. கிளட்ச் இருக்கட்டும், அதனால் ஆபத்தில்லை என்றார். பெடலை ஒரு துண்டில் சுற்றி, மாத்திரையும் சீப்பும் கண்ணாடிக் கூடும் வைத்திருக்கும் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். டிக்கியில் போட்டிருக்கலாம். போடவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வண்டி கிளம்பியது. முதலில் ஐந்தாறு தடவை அவர் கால் வெறும் தரையை மிதித்தது. வண்டி நிற்காமல் போனது. அவர் தன் காலையே குனிந்து பார்த்தார். பிறகு மாத்திரை வேலை செய்தது.

இந்தத் தடவை வேறு மாதிரித் தூங்கினார். வாய் லேசாகத் திறந்துகொண்டது. கைகள் பையின் மேலிருந்து நழுவின. ரத்தம் எடுக்கிறவளுக்கு உடம்பு தளர்வது கண்ணை மூடினாலும் தெரியும். முதலில் தோள் இறங்கும், பிறகு விரல்கள், கடைசியாகப் பாதம். அவருடைய வலது பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. செருப்பு பாதி கழன்றிருந்தது. எங்கள் படுக்கையில்கூட அந்தப் பாதத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. நேரே சாலையைப் பார், சாலையைப் பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. சொன்னால் கேவலம், கண் கலங்கியது.

துறைமுகம் நெருங்கும் இடத்தில் சாலை இரண்டாகப் பிரிந்தது. ஃபோனில் வழி சொல்லும் பெண் பழைய சாலையில் போகச் சொன்னாள். அது குறுக்கு வழி, நேராகத் துறைமுகத்தில் கொண்டுபோய் விடும். ஆனால் முனையிலேயே தெரிந்தது, சாலையை வெட்டிப் போட்டு வேலை நடக்கிறது. முன்னால் போன வேன் கப்பல் மாதிரி இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டு போனது. இன்னொன்று புறவழிச் சாலை. ஊரைச் சுற்றிக்கொண்டு போகும். புதிதாகப் போட்டது, வழுவழுவென்று இருந்தது.

மணி என்ன என்று எனக்குத் தெரியும். பழைய சாலையில் போனால் கேட்டை எட்டிப் பிடித்துவிடலாம். சுற்றிப் போனால் பிடிப்பது கஷ்டம். அவரைப் பார்த்தேன். முதல் பள்ளத்திலேயே எழுந்துவிடுவார். எழுந்தால் அந்தக் கால் மறுபடி இறுகிவிடும். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். நான் புறவழிச் சாலையில் திருப்பினேன். வழி சொல்லும் பெண் திரும்பு, திரும்பு என்று ஆரம்பித்ததும் அவள் வாயை அடைத்தேன்.

யோசிக்காமல் செய்தேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். யோசித்துத்தான் செய்தேன்.

கப்பல் இன்னும் கரையில்தான் நின்றது. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றைத் தண்ணீரில் இறக்கி வைத்த மாதிரி, ஜன்னல் ஜன்னலாக, வெள்ளையாக. ஆனால் கேட்டை மூடிவிட்டார்கள். சீருடை போட்ட ஒரு பெண், மேலே ஏறும் பாலத்தை எடுத்துவிட்டோம், இனி யாரையும் ஏற்ற முடியாது என்று வருத்தமாகச் சொன்னாள். எங்களைப் போல நிறையப் பேரைப் பார்த்திருப்பாள் போலிருக்கிறது. நாளை மாலை கப்பல் ஒரு தீவில் நிற்கும், அங்கே வந்து ஏறிக்கொள்ளலாம், காலை விமானத்தில் இடம் இருக்கும், கப்பலுக்கு நான் தகவல் சொல்லிவிடுகிறேன் என்றாள். தீவுக்குச் சாலை கிடையாது என்பதை அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மாஸ்டர் தூக்கக் கலக்கம் தீராத முகத்தோடு கப்பலையே பார்த்துக்கொண்டு நின்றார். மகளும் மாப்பிள்ளையும் அந்த நூறு ஜன்னல்களில் எதிலோ இருந்தார்கள்.

"எந்த வழியா வந்தே?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"அது சுத்தாச்சே."

"ஆமா. இன்னொண்ணு குண்டும் குழியுமா இருந்தது. போயிருந்தா எழுந்திருப்பீங்க."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். அவர் என்னை வெகு நேரம் பார்த்தார். வண்டி ஓட்டுகிறவரும் பக்கத்தில் உட்கார்கிறவரும் ஒருவரையொருவர் முகம் பார்த்துக்கொள்வதில்லை. இருவரும் சாலையைத்தான் பார்ப்பார்கள். அப்படியே முப்பது வருஷம் போய்விட்டது.

"நல்லா தூங்கினேன்," என்றார்.

பிறகு மகளுக்கு அவரே ஃபோன் செய்தார். அவள் அழுகிற குரல் எனக்கும் கேட்டது. அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வழியில் தாமதமாகிவிட்டது என்று மட்டும் சொன்னார். "மாப்பிள்ளைகிட்ட சொல்லு, காலைல பிளேன்ல ரெண்டு டிக்கெட் போடச் சொல்லு," என்றார். அந்தப் பக்கம் அழுகை பட்டென்று நின்றது. ஃபோனை என்னிடம் கொடுக்கச் சொல்லி, அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா என்று மகள் கேட்டாள்.

காலையில் காரைத் துறைமுகத்தில் விட்டுவிட்டு விமான நிலையத்துக்குப் போனோம். பெட்டிகளை அனுப்பிவிட்டு, பரிசோதனை செய்யும் இடத்தில் கைப்பைகளை வைத்தோம். என் பை வந்துவிட்டது. அவருடைய பை வரவில்லை. மெஷினுக்குப் பின்னால் இருந்த இளைஞர் திரையை உற்றுப் பார்த்தார், இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த அதிகாரி பையைத் தனி மேஜைக்குக் கொண்டுபோய்த் திறந்தார். சீப்பு, மாத்திரை, கண்ணாடிக் கூடு. அதற்கடியில் துண்டு. துண்டைப் பிரித்ததும் கிரீஸ் அப்பிய பிரேக் பெடல் மேஜையில் டங்கென்று விழுந்தது.

எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அதை எடுத்து வைக்க மறந்தே போயிருந்தோம்.

"என்ன சார் இது?" என்றார் அதிகாரி.

"பிரேக்," என்றார் மாஸ்டர்.

அதிகாரி என்னைப் பார்த்தார். இவர் டிரைவிங் மாஸ்டர் என்று சொன்னேன், அதில் எல்லாம் விளங்கிவிடும் என்பது போல. அதிகாரி சிரிக்காமல் இருக்க முயன்றார். இதை உள்ளே கொண்டுபோக முடியாது, நேரம் இருக்கிறது, திரும்பிப் போய்ப் பெட்டியோடு சேர்த்து அனுப்பிவிட்டு வாருங்கள், இல்லையென்றால் இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்றார். மாஸ்டர் பெடலைக் கையில் எடுத்தார். தேய்ந்த ரப்பரைக் கட்டைவிரலால் தடவினார். அவர் திரும்பிப் போய் அனுப்பிவிட்டு வரத்தான் போகிறார் என்று நினைத்து, நான் நாற்காலியைத் தேடினேன். என் கால் அவ்வளவு வலித்தது.

"இருக்கட்டும், வச்சுக்கங்க," என்று அவர் அதிகாரியிடம் நீட்டினார். துண்டை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

விமானத்தில் ஜன்னல் ஓரம் எனக்குக் கொடுத்தார். பெல்ட்டை மாட்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார், கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தபடி. விமானம் ஓட ஆரம்பித்தபோது அவர் வலது கால் முன் இருக்கையின் அடியில் தரையைத் தேடி அழுத்தியது. வேகம் கூடக் கூட இன்னும் அழுத்தினார். தொடை நடுங்கியது. விமானம் எதையும் கண்டுகொள்ளாமல் மேலே ஏறியது. நான் அவர் முழங்காலில் கை வைத்தேன். வேலையில் இருந்தவரை ஊரில் எல்லோரிடமும் சொன்னதை அவரிடம் சொன்னேன்.

"தளர விடுங்க. நான் பாத்துக்கறேன்."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டார். தோள், பிறகு விரல்கள். மேகத்துக்கு மேலே வந்த பிறகு தூங்கிவிட்டார், தலை என் தோளில் விழுந்தது. எனக்கும் கண் சொக்கியது. இரண்டு நாள் அலுப்பு உடம்பில் இருந்தது. ஆகாயத்தில் நான் பார்த்துக்கொள்வதற்கு ஒன்றுமில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் சொல்லிவிட்டேனே. தீவில் இறங்கும்வரை நான் கண்ணை மூடவில்லை.